ஒரே கல்லில் இரண்டு மாங்காய்... கல் நம் தலையில் விழாமல் இருக்கணுமே!

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் திருவண்ணாமலையில் எந்த கிளினிக்குக்குப் போனாலும் ஒரே மாதிரியான கூட்டம்தான் இருக்கும். பாதத்தில் கொப்புளம், கெண்டைக்கால் பிடிப்பு, முட்டி வலி. 14 கிலோமீட்டர் வெறுங்காலில் மலையைச் சுற்றி வந்தவர்களுக்கு இது சகஜம். போன மாதம் அந்த வரிசையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வயது 66. இடது புருவத்தின் மேல் நான்கு தையல். பக்கத்தில் அவர் மனைவி, கையில் மாத்திரை அட்டைகள் நிறைந்த மஞ்சள் பை.

"டாக்டர், இவரு நேத்து நிருதி லிங்கம் தாண்டினதும் மயங்கி விழுந்துட்டாரு. இத்தனை வருஷமா சுத்தறாரு, ஒரு நாளும் இப்படி ஆனதில்ல. எல்லாம் இந்தப் புது மாத்திரையாலதான்" என்று அந்த அம்மா ஒரு அட்டையைத் தனியாக எடுத்து மேஜையில் வைத்தார். 'இனி இது என் வீட்டுக்குள்ள வரக் கூடாது' என்கிற வேகம் அதில் இருந்தது.

அட்டையைப் பார்த்தேன். பிரசோசின். 'ஆல்ஃபா பிளாக்கர்' என்ற வகையைச் சேர்ந்த மாத்திரை. பெரியவருக்குப் பல வருடங்களாக பி.பி. உண்டு. காலையில் ஒரு அம்லோடிபின் மாத்திரை சாப்பிடுகிறார். அண்மையில் பி.பி. கொஞ்சம் ஏறியிருந்தது. கூடவே புராஸ்டேட் வீக்கமும் இருந்ததால், 'இரண்டுக்கும் சேர்த்து' என்று சொல்லி அவருடைய டாக்டர் இதை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அந்த யோசனையில் தவறில்லை. ஆனால், அந்தக் கல்லை எப்படி எறிய வேண்டும் என்று இவருக்குச் சரியாகப் புரியவில்லை.

இரண்டு நோய்க்கு ஒரு மாத்திரை எப்படி?

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயை மோதிரம் மாதிரிச் சுற்றி இருக்கும். இளம் வயதில் பெரிய நெல்லிக்காய் அளவு. வயது கூடக்கூட இது பெருக்கும். 60 வயதைத் தொட்ட ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வீக்கம் இருக்கும். இது புற்றுநோய் அல்ல. ஆனால், மோதிரம் தடித்தால் நடுவில் இருக்கும் குழாய் நெரிபடும். சிறுநீர் உடனே வராது. முக்க வேண்டும். விட்டு விட்டு, சொட்டுச் சொட்டாக வரும். போய்விட்டு வந்தாலும் முழுசாகப் போன திருப்தி இருக்காது. ராத்திரி மூன்று, நான்கு முறை எழ வேண்டியிருக்கும்.

குழாய் நெரிபட இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, சுரப்பியின் பருமன். இன்னொன்று, சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் வாசலிலும் இருக்கும் தசைகளின் இறுக்கம். நம் உடம்பில் சுரக்கும் நார்-அட்ரினலின் என்ற ரசாயனம் 'ஆல்ஃபா' என்ற பூட்டில் சாவி மாதிரி நுழைந்து இந்தத் தசைகளை இறுக்குகிறது. ஆல்ஃபா பிளாக்கர் மாத்திரை அந்தப் பூட்டின் துவாரத்தை அடைத்துவிடும். சாவி நுழையாது, தசை தளரும், சிறுநீர் தாராளமாக வரும். சில நாள்களிலேயே வித்தியாசம் தெரியும்.

அதே ஆல்ஃபா பூட்டுகள் ரத்தக் குழாய்களின் சுவரிலும் இருக்கின்றன. அங்கேயும் தசை தளர்ந்து, குழாய் விரிந்து, பி.பி. இறங்குகிறது. இதுதான் இரண்டாவது மாங்காய். பிரசோசின், டெராசோசின், டாக்சாசோசின் மூன்றும் இப்படி இரண்டு இடத்திலும் வேலை செய்பவை.

மயக்கம் எங்கிருந்து வந்தது?

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் சட்டென்று கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் இருக்க, அடுத்த நொடியே ரத்தக் குழாய்கள் இறுகி அதை மேலே தள்ளும். அப்படி இறுகச் சொல்லும் உத்தரவு போவதே ஆல்ஃபா பூட்டுகள் வழியாகத்தான். பூட்டை அடைத்துவிட்டால்? எழுந்தவுடன் கண் இருட்டும், தலை சுற்றும், சிலர் விழுந்தே விடுவார்கள்.

இது முதல் மாத்திரையில்தான் அதிகம் நடக்கும். பிரசோசின் புழக்கத்துக்கு வந்த 1970-களிலேயே, முதல் மாத்திரை சாப்பிட்ட சிலர் திடீரென்று நினைவிழந்து விழுவதை மருத்துவர்கள் கவனித்து எழுதினார்கள். 'முதல் டோஸ் விளைவு' என்றே இதற்குப் பெயர். சாதாரண மாத்திரையில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இது வரும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையில் வேகம் குறைவு, சில மணி நேரம் தள்ளியும் வரலாம். அதனால்தான் மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, படுக்கப் போகும்போது சாப்பிடச் சொல்கிறோம். சில நாள்களில் உடம்பு பழகிக்கொள்ளும்.

பெரியவரிடம் நிதானமாக விசாரித்தேன். ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

முதலில் 2.5 மில்லிகிராம், ஒரு வாரம் கழித்து 5 மில்லிகிராம் என்று சரியாகத்தான் ஏற்றியிருக்கிறார்கள். இடையில் மகள் வீட்டுக்குச் சென்னை போனவர், மாத்திரையை மறந்து வைத்துவிட்டார். ஆறு நாள் இல்லை. பௌர்ணமியன்று ஊர் திரும்பியதும் நேராக 5 மில்லிகிராமையே விழுங்கியிருக்கிறார். பல நாள் விட்டுப்போனால் பழகிய உடம்பு பழக்கத்தை மறந்துவிடும். மறுபடியும் அது முதல் டோஸ்தான். அப்போது பழைய அளவில் தொடரக் கூடாது. டாக்டரைக் கேட்டுக் குறைந்த அளவில் மீண்டும் ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டாவது, படுக்கும்போது சாப்பிட வேண்டியதை சாயங்காலம் 6 மணிக்கே சாப்பிட்டுவிட்டார். "சுத்திட்டு வர நடுராத்திரி ஆயிடும், அசதில மறந்துடுவேன்னு..." என்றார்.

மூன்றாவது, பௌர்ணமி விரதம். காலையிலிருந்து பாலும் பழமும்தான்.

நான்காவதைச் சொல்லத் தயங்கினார். மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "மத்தியானத்திலிருந்து தண்ணி குடிக்கல டாக்டர். குடிச்சா வழியில அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும். அவ்வளவு கூட்டத்துல எங்க போறது? போனாலும் ஒடனே வராது. பின்னாடி நிக்கறவங்க கதவைத் தட்டுவாங்க."

இந்த நான்கும் ஒரே இரவில் சேர்ந்துவிட்டன. விரிந்த ரத்தக் குழாய், அதில் ஓட வேண்டிய நீரோ குறைவு. கால் வலிக்கிறது என்று ஒரு திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். எதிரே கழிப்பிடம் தெரிந்ததும் அவசரமாக எழுந்திருக்கிறார். நான்கு அடிதான் வைத்தார், நடைபாதை விளிம்பில் புருவம் இடித்தது.

அதற்கப்புறம் நடந்ததும் முக்கியம். சுற்றி இருந்தவர்கள் நல்ல மனதோடு அவரைத் தூக்கி உட்கார வைத்து, முகத்தில் சோடா அடித்து, கையில் சாவிக்கொத்தைக் கொடுத்திருக்கிறார்கள். உட்கார வைத்ததும் மறுபடி மயங்கினார். பக்கத்து மருத்துவ முகாமிலிருந்து வந்தவர்கள்தான் படுக்க வைத்துக் காலை உயர்த்தினார்கள். ஒரு நிமிடத்தில் கண் விழித்தார்.

மயங்கி விழுபவர் எல்லோருக்கும் மாத்திரைதான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. அதனால் ஈ.சி.ஜி., சர்க்கரை எல்லாம் பார்த்தேன். சரியாகவே இருந்தன. பிறகு படுக்க வைத்து பி.பி. பார்த்தேன்: 138/82. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் 112/70. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10, எழுந்த மூன்று நிமிடத்துக்குள் குறைந்தால் அது எச்சரிக்கை. உட்கார்ந்த நிலையில் மட்டும் பி.பி. பார்த்திருந்தால் 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று அனுப்பியிருப்போம். வீட்டில் பி.பி. மெஷின் வைத்திருப்பவர்கள், ஆல்ஃபா பிளாக்கர் சாப்பிட்டால் நின்ற நிலையிலும் பார்த்து எழுதி வையுங்கள்.

பி.பி.க்கு இதுதான் முதல் மாத்திரையா?

இல்லை. இதற்குப் பின்னால் ஒரு பெரிய ஆராய்ச்சியின் கதை இருக்கிறது. 1994-ல் அமெரிக்காவில் 'ஆல்ஹாட்' என்ற ஆய்வு தொடங்கியது. 55 வயதுக்கு மேற்பட்ட, பி.பி.யோடு இன்னொரு இதய ஆபத்தும் உள்ளவர்களுக்கு நான்கு வகை மாத்திரைகளை ஒப்பிட்டார்கள். அதில் ஒன்று டாக்சாசோசின். 2000-ம் ஆண்டில் அந்தப் பிரிவை மட்டும் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். சிறுநீரைப் பெருக்கும் பழைய, மலிவான குளோர்தாலிடோன் மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், டாக்சாசோசின் சாப்பிட்டவர்களுக்கு இதயச் செயலிழப்பு இரண்டு மடங்காக இருந்தது. பக்கவாதமும் கூடுதலாக இருந்தது.

அன்றிலிருந்து ஆல்ஃபா பிளாக்கர் பி.பி.க்கு முதல் வரிசை மருந்து அல்ல. மற்ற மாத்திரைகள் போதாதபோது கூடச் சேர்க்கும் மருந்து. சிறுநீரகம் பழுதடைந்து பல மாத்திரைகள் தேவைப்படுபவர்களுக்கு இது இன்றும் கைகொடுக்கிறது. ஆகவே, இதை பி.பி.க்காகச் சாப்பிட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். 'எனக்கு இது ஏன் கொடுக்கப்பட்டிருக்கிறது, வேறு மாத்திரையும் கூட இருக்கிறதா?' என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

புராஸ்டேட்டுக்கு இன்று டாம்சுலோசின், சிலோடோசின், அல்ஃபூசோசின் ஆகியவை அதிகம் எழுதப்படுகின்றன. முதல் இரண்டும் புராஸ்டேட்டில் உள்ள பூட்டையே குறிவைப்பவை. பி.பி.யை அதிகம் இறக்காது. அதனால் பி.பி. மாத்திரைக்குப் பதிலாக இவற்றை நம்ப முடியாது. தலைசுற்றல் குறைவே தவிர, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. உறவின்போது விந்து வெளிவராமல் போவது இவற்றில், குறிப்பாக சிலோடோசினில், அதிகம். அது ஆபத்தில்லை. ஆனால், முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்துபோய் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னொன்று, ஆல்ஃபா பிளாக்கர் தசையைத் தளர்த்துமே தவிர சுரப்பியைச் சுருக்காது. சுரப்பி நன்றாகப் பெருத்திருந்தால் ஃபினாஸ்டிரைடு அல்லது டூட்டாஸ்டிரைடு சேர்ப்போம். அவை வேலை செய்ய ஆறு மாதமாவது ஆகும். 3,047 ஆண்களை வைத்து நடந்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், டாக்சாசோசினையும் ஃபினாஸ்டிரைடையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றும் ஆபத்து 66 சதவிகிதம் குறைந்தது. ஃபினாஸ்டிரைடு வகை மாத்திரைகள் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்யும்போது இதை மறக்காமல் சொல்லுங்கள்.

யாரிடம் எதைச் சொல்ல வேண்டும்?

நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. பி.பி. டாக்டர் பிரசோசின் எழுதியிருப்பார். சிறுநீர்க் கோளாறுக்கு வேறு டாக்டரிடம் போவார்கள். அவர் டாம்சுலோசின் எழுதுவார். இரண்டும் ஒரே குடும்பம் என்பது சாப்பிடுபவருக்குத் தெரியாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல விஷயம். வருகிறவர்களிடம் நீங்கள் வெளியே வாங்கும் மாத்திரைகளையும் காட்டுங்கள். எல்லா அட்டையும் ஒரே பையில், எல்லா டாக்டரிடமும் அதே பை. அந்த அம்மா மஞ்சள் பையோடு வந்ததால்தான் எனக்கு வேலை சுலபமாயிற்று.

கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறவர்கள், இலவச முகாமானாலும் சரி, ஆல்ஃபா பிளாக்கர் சாப்பிடுவதை, முன்பு எப்போதோ சாப்பிட்டிருந்தாலும்கூட, கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை, முக்கியமாக டாம்சுலோசின், கண்ணின் கருவிழிப் படலத்தைத் தொளதொளவென்று ஆக்கிவிடும், பாப்பாவும் சரியாக விரியாது. ஆபரேஷன் நடக்கும்போது சிக்கலாகும். 2005-ல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். முன்பே தெரிந்தால் டாக்டர் அதற்கு ஏற்பாட்டோடு இருப்பார். நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவதால் பலன் இல்லை.

ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டடாலாஃபில் போன்ற மாத்திரைகளை இதோடு ரகசியமாகச் சேர்த்தால் பி.பி. அதலபாதாளத்துக்குப் போகலாம். கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் புராஸ்டேட் தசையை இறுக்கும் மருந்தும், சிறுநீர்ப்பையைச் சோம்பேறியாக்கும் மருந்தும் இருக்கின்றன. சாதாரண ஜலதோஷத்துக்கு மாத்திரை போட்டு, சிறுநீர் அடியோடு நின்று ட்யூப் போட வந்தவர்கள் உண்டு. நெருஞ்சில் கஷாயம் குடிக்கிறவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள்.

எழும் முறை

நம் ஊரில் தரையில் உட்கார்ந்து எழுவது அதிகம். அன்னதானப் பந்தி, ஆசிரமத்தில் தியானம், கோயிலில் சாஷ்டாங்க நமஸ்காரம். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விழுந்து கும்பிட்டதும் சட்டென்று எழாதீர்கள். முதலில் மண்டியிட்டு இருங்கள், பிறகு உட்காருங்கள், பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அண்ணாமலையார் அவசரப்படுத்த மாட்டார். ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் காலைத் தொங்கப் போட்டு உட்காருங்கள், பாதத்தை ஏற்றி இறக்குங்கள். வழியில் சின்ன விளக்கு எரியட்டும். ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது.

ராத்திரி எழுவதைக் குறைக்க, படுக்கப் போவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே தண்ணீர், காபி, டீயைக் குறையுங்கள். ஆனால், பகலில் குறைக்காதீர்கள். சிறுநீர் பெருக்கும் பி.பி. மாத்திரை இருந்தால் காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். கிரிவலம் போகும்போது வெறும் வயிறு வேண்டாம், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். மாத்திரையைத் திரும்பி வந்து படுக்கும்போது சாப்பிடுங்கள். புதிதாக ஆரம்பித்த வாரத்திலும், அளவைக் கூட்டிய வாரத்திலும் மலை சுற்றுவதைத் தள்ளிப் போடுங்கள். அடுத்த மாதமும் பௌர்ணமி வரும்.

தலை சுற்றினால் எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே படுத்துவிடுங்கள், வெட்கம் வேண்டாம். யாராவது மயங்கினால் உட்கார வைக்காதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், நினைவு வரும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒரு நிமிடத்தில் தெளியாவிட்டால், நெஞ்சு வலித்தால், தலையில் அடிபட்டிருந்தால் 108-ஐ அழையுங்கள். சிறுநீர் அடியோடு நின்றுபோனாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, குளிர் காய்ச்சலோடு எரிச்சல் இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போக விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

பெரியவருக்கு அவருடைய டாக்டரிடமே போனில் பேசி மாத்திரைகளைப் பிரித்தோம். பி.பி.க்கு பிரசோசினுக்குப் பதில் வேறு மாத்திரை, புராஸ்டேட்டுக்கு மட்டும் டாம்சுலோசின். மூன்று வாரம் கழித்து வந்தார். நின்ற பி.பி.யும் உட்கார்ந்த பி.பி.யும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. ராத்திரி நான்கு முறை எழுந்தவர் இப்போது ஒரு முறைதான் எழுகிறாராம்.

அன்று கிளம்பும்போது அந்த அம்மா கேட்டது மனதிலேயே நிற்கிறது. "ரெண்டு வருஷமா கல்யாணம், காட்சின்னு எங்க கூப்பிட்டாலும் வரமாட்டேன்னு சொல்லுவாரு. வெளியூர் பஸ்ல ஏறவே மாட்டாரு. பெத்த பொண்ணு வீட்டுக்கே போன மாசம்தான் போனாரு. என் மேல ஏதோ கோபம்னு நெனச்சுட்டிருந்தேன் டாக்டர். இதுக்குத்தானா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. மஞ்சள் பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

உங்கள் வீட்டுப் பெரியவரும் சமீபகாலமாக வெளியே வர மறுக்கிறாரா, தண்ணீர் குடிக்கத் தயங்குகிறாரா? ராத்திரி எத்தனை முறை எழுகிறார் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். அவராகச் சொல்ல மாட்டார்.